கட்டை அவிழுங்கள், காய்ச்சலைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. திங்கள்சந்தையில் வாழைக்குலை ஏற்றி இறக்கும் வேலை. மூன்று வாரத்துக்கு முன் ஏத்தன் (நேந்திரன்) குலையைத் தலைக்கு மேல் தூக்கி டெம்போவுக்குள் திருப்பும்போது இடது விலாவில் 'சடக்' என்றது. அன்றிலிருந்து இருமினாலும் தும்மினாலும் படுக்கையில் புரண்டாலும் உயிர் போகிறது. இ.சி.ஜி., எக்ஸ்ரே இரண்டும் சரியாக இருக்கின்றன, விலா இடைத்தசை கிழிந்திருக்கிறது என்றார்கள். யூடியூபில் பார்த்தால் மாரடைப்பு, நுரையீரல் புற்றுநோய், அக்கி என்று என்னென்னவோ சொல்கிறார்கள். என் அண்ணன் போன வருடம் 51 வயதில் மாரடைப்பில் இறந்தார். மார்பைத் துணியால் இறுகக் கட்டியிருக்கிறேன். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் தடவிக்கொண்டேன். மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரை தினமும் இரண்டு போடுகிறேன். பீடிப் பழக்கம் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? மூன்று வாரத்தில் ஓணம் வருகிறது, அதற்குள் வேலைக்குப் போகலாமா? நான்கு நாளாக மாலையில் லேசான காய்ச்சலும் மஞ்சள் சளியும் இருக்கின்றன, மழையில் நனைந்ததால் இருக்கும்.

பதில்: மார்பில் இறுக்கியிருக்கும் துணியை முதலில் அவிழுங்கள். அவிழ்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

விலா வலியை விதவிதமாக எழுதிவிட்டு, முக்கியமான செய்தியைக் கடைசி வரியில் மழையின் மேல் பழி போட்டு முடித்திருக்கிறீர்கள். தசை கிழிந்தால் வலிக்கும். காய்ச்சல் வராது, சளி மஞ்சளாகாது. வலிக்குப் பயந்து மூன்று வாரமாக மேலோட்டமாகவே மூச்சு விட்டிருப்பீர்கள், வந்த இருமலையும் அடக்கியிருப்பீர்கள். போதாக்குறைக்கு வரிந்து கட்டியும் ஆகிவிட்டது. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் கிடந்தால் சளி அங்கே தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். நிமோனியா வருகிற வழிகளில் இதுவும் ஒன்று. விலாவில் அடிபட்டவர்களுக்கு மார்பைச் சுற்றிப் பட்டை போடுவது ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே நடந்ததுதான். இந்தக் காரணத்துக்காகவே அதைக் கைவிட்டோம். சாய்கிற வாழைக்குக் கட்டு உதவும். மூச்சு விடுகிற நெஞ்சுக்கு உதவாது.

காய்ச்சல் லேசானது என்கிறீர்கள். நீங்கள் விழுங்கும் மாத்திரை வலியோடு காய்ச்சலையும் அடக்கும். மாத்திரையை மீறி இவ்வளவு தெரிகிறது என்றால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை நீங்களும் நானும் ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்றே தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். நெஞ்சைச் சோதித்து, விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்து, தேவையென்றால் இன்னொரு எக்ஸ்ரே எடுப்பார்கள். பழைய படத்தைக் காட்டி 'எல்லாம் சரியாக இருந்ததே' என்று வாதாடாதீர்கள். அது அன்றைய நுரையீரலின் படம். இருமல் தொடங்கி இரண்டு வாரம் தாண்டியிருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து சொல்லி முடிக்க முடியாவிட்டாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இனி, உங்களை உண்மையில் தூங்கவிடாத விஷயம். அண்ணனை இழந்த வீட்டில் நெஞ்சுப் பக்கம் எது வலித்தாலும் இதயம் என்றுதான் தோன்றும். குலை தூக்கிய நொடியில் தொடங்கிய வலி, ஒற்றை விரலால் இடம் காட்ட முடிகிற வலி, தொட்டால் துடிக்கவைத்து இருமினால் குத்துகிற வலி பெரும்பாலும் தசையுடையது. இ.சி.ஜி.யும் உங்கள் பக்கம் இருக்கிறது. இதய வலி பொதுவாக நெஞ்சின் நடுவே பாரமாக அழுத்தும், மேடு ஏறினால் கூடும், நின்றால் குறையும், கைக்கும் தாடைக்கும் பரவும், வேர்த்துக் கொட்டும். அப்படி ஒன்று வந்தால் அதையும் விலாவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதற்கும் 108தான். உடன்பிறந்தவருக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதால் உங்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல். இந்தக் காய்ச்சல் தீர்ந்ததும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். பீடியை இன்றே விடுங்கள். இதயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பீடி இருமல் ஒவ்வொன்றும் ஆறிவரும் தசையை மறுபடி இழுக்கிறது.

நுரையீரல் புற்றுநோய் குலை தூக்கும்போது 'சடக்' என்று தொடங்காது. அக்கியாக இருந்தால் இதற்குள் கொப்புளம் கிளம்பியிருக்கும். யூடியூபில் நெஞ்சுவலி என்று தேடியவர்களில் ஆரோக்கியமாக வெளியே வந்தவரை நான் பார்த்ததில்லை. எம்.ஆர்.ஐ. வேண்டாம், அந்தப் பணத்தை வைத்திருங்கள். விலா எலும்பில் மயிரிழை விரிசல் இருந்து எக்ஸ்ரேயில் தப்பியிருந்தாலும், வைத்தியம் ஏறக்குறைய இதேதான்.

மூன்று வாரம் டைக்ளோஃபெனாக்கை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? மெடிக்கல் கடைக்காரர் உங்கள் சிறுநீரகத்தைச் சோதித்தாரா? வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் இது வழி செய்யும், இதயத்துக்கும் நல்லதல்ல. நிறுத்துங்கள். மலம் கறுப்பாகப் போகிறதென்றால் இன்று பார்க்கும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அளவை அவரே சொல்வார். ஆசான் முறிவெண்ணெயைச் சூடாக்கி மேலாகத் தடவினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கிழிந்த தசையில் கட்டைவிரலை ஊன்றி அழுத்த மட்டும் விடாதீர்கள்.

கை முறிந்தால் தொட்டில் கட்டி ஓய்வு கொடுக்கலாம். விலா இடைத்தசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவையாவது மூச்சோடு அசைந்தாக வேண்டும். அதனால்தான் ஆற நாளாகிறது. லேசான கிழிசல் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும், நடுத்தரமானது ஆறேழு வாரம் இழுக்கும், முற்றிலும் அறுந்தால் அதற்கும் மேல். உங்களுடையது நடுத்தரம் என்று தோன்றுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை பத்து ஆழ்ந்த மூச்சு எடுங்கள். வலிக்கும், எடுத்தே ஆக வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வலிக்கிற இடத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமிச் சளியைத் துப்புங்கள். ஐஸ் ஒத்தடம் முதல் இரண்டு நாளோடு சரி, இப்போது வெந்நீர் ஒத்தடம். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தால் புரளும் தொல்லை குறையும்.

ஓணத்துக்கு ஏத்தன் குலைக்கு எவ்வளவு கிராக்கி, கூலி எவ்வளவு கூடும் என்பது எனக்கும் தெரியும். நிமோனியா இருந்தால் அது தீரும்வரை பேச்சே இல்லை. இல்லையென்றால், ஆழ்ந்து மூச்செடுத்து, பலமாக இருமி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நான்கிலும் வலி இல்லாத நாளில் போகலாம். முதல் இரண்டு வாரம் சிறிய மட்டிக் குலைகளை மட்டும் இடுப்பு உயரத்தில் வாங்கிக் கொடுங்கள். டெம்போவின் மேல்தட்டுக்கு ஏற்றுவதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.