அரண்மனையில் எத்தனை மணி நேரம்? – ஸ்பெயின் குழுப் பயணம்: வாசகர் கேள்வி-பதில்

ஸ்பெயினின் அரண்மனைகளையும் ஓவியக் கூடங்களையும் குழுவாகச் சென்று பார்க்க விரும்பும் வாசகர்களின் கேள்விகள் இவை. திறப்பு நேரங்களும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், முன்பதிவு செய்யும்போது அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாட்ரிட், எல் எஸ்கோரியல், கோர்டோபா, செவில்லா, கிரனாடா என்று ஒன்பது நாள் பயணம். நிறுவனம் தந்த அட்டவணையில் பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: ஒவ்வோர் இடத்துக்கும் நேராக "நுழைவுச் சீட்டு உண்டு" என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். "அரண்மனையைக் காண்போம்" என்று மட்டும் இருந்தால், வாசலில் இறக்கிப் படம் எடுக்க இருபது நிமிடம் தந்துவிட்டுக் கிளம்புவார்கள். அது ஏமாற்று என்று பிறகு சண்டை போட முடியாது, எழுதியதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்து, அட்டவணையின் தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமையை எழுதுங்கள். மாட்ரிட்டுக்கு அருகிலுள்ள எல் எஸ்கோரியல் அரண்மனை-மடம், அரன்ஹுவெஸ் அரண்மனை, கோர்டோபாவுக்கு வெளியே உள்ள பழைய அரண்மனை நகரமான மெதினா அசஹாரா ஆகிய மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. பிக்காசோவின் 'கெர்னிகா' இருக்கும் மாட்ரிட் ரெய்னா சோஃபியா ஓவியக் கூடத்துக்குச் செவ்வாய் விடுமுறை. மாட்ரிட்டின் பிராடோ ஓவியக் கூடம் வாரம் முழுக்கத் திறந்திருக்கும். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மட்டும் மூடுவார்கள். ஆகவே மாட்ரிட்டில் திங்கள் வந்தால் அது பிராடோவுக்கு உரிய நாள். திங்களன்று எல் எஸ்கோரியல் என்று போட்டிருந்தால், அட்டவணை போட்டவர் கிழமையைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

"பிராடோ: மாலை 6 மணி" என்றிருந்தால் காரணம் கேளுங்கள். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை அங்கே கட்டணமில்லை. நுழைவுக் கட்டணத்தை மிச்சப்படுத்தச் சில நிறுவனங்கள் அந்த நேரத்தில் கூட்டிப்போகும். வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் பாதி நேரம் கரைந்துவிடும்.

கடைசியாக, வழிகாட்டி. தெற்கு மாகாணமான ஆண்டலூசியாவில் வரலாற்றுச் சின்னங்களுக்குள் குழுவுக்கு விளக்கம் சொல்வதற்கு உரிமம் பெற்ற வழிகாட்டிதான் வேண்டும். உங்களோடு விமானத்தில் வரும் பயண மேலாளர் அங்கே பேச முடியாது. செவில்லா, கோர்டோபா, கிரனாடா மூன்றிலும் உள்ளூர் வழிகாட்டி கட்டணத்தில் சேர்ந்திருக்கிறாரா, எந்த மொழியில் பேசுவார், காதில் மாட்டும் கருவி தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கிரனாடாவின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவில் சீட்டு இருந்தும் சிலரை உள்ளே விடவில்லை என்கிறார்களே, ஏன்?

பதில்: பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, நேரம். அல்ஹம்ப்ரா சீட்டில் அச்சாகியிருக்கும் நேரம் கோட்டை வாசலுக்கானது அல்ல, உள்ளே கிரனாடா சுல்தான்கள் வாழ்ந்த நஸ்ரித் அரண்மனைகளின் வாசலுக்கானது. சுற்றுலாப் பேருந்து நிற்பது மேல்பக்கம், சீட்டு மண்டபத்துக்கு அருகில். அங்கிருந்து நஸ்ரித் வாசலுக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை. "10.30 சீட்டு, 10.20-க்கு வந்துவிட்டோமே" என்பவர்கள் தவறவிடுவது இந்த நடையைத்தான். ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, அல்கசாபா கோட்டையை முதலில் பார்த்துவிட்டு வரிசைக்குப் போவது நல்லது. நஸ்ரித் அரண்மனைகளுக்குள் கழிப்பறை கிடையாது. ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி நுழையவும் முடியாது.

இரண்டாவது, சீட்டின் வகை. தோட்டங்கள், சுல்தான்களின் கோடை மாளிகையான ஹெனெராலிஃபே, அல்கசாபா மட்டும் அடங்கிய சீட்டு ஒன்று தனியாக விற்கிறது. அதில் நஸ்ரித் அரண்மனைகள் இல்லை. பொதுச் சீட்டு தீர்ந்துபோனால் சிலர் இதை வாங்கிவிட்டு "அல்ஹம்ப்ரா உண்டு" என்று சொல்லிவிடுவார்கள். நஸ்ரித் அரண்மனைகள் இல்லாத அல்ஹம்ப்ரா கருவறை பார்க்காத கோயில் தரிசனம். சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி, நஸ்ரித் நேரம் அச்சாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

மூன்றாவது நம்மவர்களுக்கே உரியது: முன்னெழுத்து. சீட்டு ஆளின் பெயரில் வழங்கப்படுகிறது. உள்ளே அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக இருக்க, சீட்டில் முன்னெழுத்து மட்டும் இருந்தால் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க இடமுண்டு. நிறுவனத்துக்குப் பெயரைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை அனுப்புங்கள். பயண நாளன்று பாஸ்போர்ட்டை ஓட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வரவும் கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் அவர்கள் பெயரில் சீட்டு எடுக்க வேண்டும்.

கேள்வி: செவில்லாவின் அல்காசர் அரண்மனையும் கிரனாடாவின் அல்ஹம்ப்ராவும் படத்தில் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு ஒரு நாளை மிச்சப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். வேறு எதையாவது குறையுங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விடை சொல்லும் கட்டடங்கள்.

செவில்லா அல்காசரின் பெரிய அரண்மனையைக் கட்டியவர் கிறிஸ்தவ அரசர் முதலாம் பெத்ரோ. கிரனாடாவில் சிங்க முற்றத்தைக் கட்டியவர் முஸ்லிம் சுல்தான் ஐந்தாம் முகம்மது. இருவரும் ஒரே காலத்தவர், கூட்டாளிகள். அரியணை இழந்து வெளியேறிய முகம்மது 1362-ல் அதை மீட்டபோது பெத்ரோ துணை நின்றார். செவில்லா அரண்மனையின் முகப்பில் மேலே பாருங்கள்: கோதிக் எழுத்தில் பெத்ரோவின் பெயரும் பட்டங்களும் ஓடுகின்றன, அவற்றுக்கு நடுவே நீல ஓடுகளில், "இறைவனன்றி வெல்பவன் வேறில்லை" என்ற கிரனாடா சுல்தான்களின் அரபு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கோதிக் வரியில் ஆண்டு 1402 என்றிருக்கும், குழம்ப வேண்டாம். அது அன்றைய ஸ்பானிய ஆண்டுக் கணக்கு. 38-ஐக் கழித்தால் 1364.

அல்ஹம்ப்ராவில் கோமாரெஸ் அரண்மனையின் முகப்பு 1370-ல் எழுந்தது. ஆகவே செவில்லாவை முதலிலும் கிரனாடாவைப் பிறகும் பார்ப்பதே சரியான வரிசை. இரண்டு முகப்புகளையும் நேராக நின்று ஐந்து நிமிடமாவது பார்த்தால், புத்தகத்தில் படித்துப் புரியாதது அங்கே புரியும். இன்னொரு தொடர்பும் உண்டு. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1526-ல் திருமணம் செய்தது செவில்லா அல்காசரில், அந்தக் கோடையைக் கழித்தது அல்ஹம்ப்ராவில். அங்கே அவருக்காக 1527-ல் தொடங்கிய வட்ட முற்றம் கொண்ட அரண்மனை சுல்தான்களின் கட்டடத்தோடு ஒட்டி நிற்கிறது. பலர் அதை முறைத்துவிட்டு நகர்கிறார்கள். உள்ளே போய் முற்றத்தின் நடுவில் நில்லுங்கள். அதற்குச் சீட்டும் தேவையில்லை.

நஸ்ரித் அறைகளில் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். இடுப்புயரம் வரை வண்ண ஓட்டுத் துண்டுகள்; ஆள் உரசினாலும் ஈரம் பட்டாலும் தாங்கும். அதற்கு மேல் சுண்ணச்சாந்துச் செதுக்கல், மென்மையானது. அதற்கும் மேல் மரக் கூரை. தூதர்கள் மண்டபத்தின் கூரை 8,017 மரத்துண்டுகளால் ஆனது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழு வானங்களைக் குறிக்கிறது. இரு சகோதரிகள் மண்டபத்தின் தேன்கூட்டு விதானத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பட்டகங்கள். சாந்துச் சுவரை மட்டும் தொடாதீர்கள். கை எண்ணெய் ஊறினால் கறை போகாது, மூலைகளில் இன்னும் ஒட்டியிருக்கும் நீலமும் சிவப்பும் உதிரும்.

கேள்வி: பிராடோவுக்கு எங்கள் குழுவுக்கு இரண்டு மணி நேரம்தான். எதைப் பார்ப்பது?

பதில்: மூன்று இடங்கள் போதும். முதல் மாடியில் 12-ஆம் அறை, வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்', 1656. முதலில் அறையின் எதிர்க் கோடியில் நின்று பாருங்கள். பிறகு அருகே செல்லுங்கள். தூரத்தில் பட்டாகத் தெரிந்தது பக்கத்தில் வெறும் தூரிகைக் கீற்றாக உடையும். பின்சுவர்க் கண்ணாடியில் அரசர் நான்காம் பிலிப்பும் அரசியும். ஓவியரின் மார்பிலுள்ள சிவப்புச் சிலுவை பிறகு சேர்த்தது. அது ஒரு வீரப் பட்டத்தின் சின்னம், அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்ததே 1659-ல்.

அடுத்த இரண்டும் தரைத் தளத்தில். போஷின் 'இன்பத் தோட்டம்' 56A அறையில். கோயா தன் வீட்டுச் சுவர்களில் வரைந்த 14 கறுப்பு ஓவியங்கள் 67-ஆம் அறையில். பக்கத்திலேயே, 64-ல், 1808 மே மாதத் துப்பாக்கிச் சூட்டு ஓவியம். ஓவியங்களை இரவல் தருவதும் இடம் மாற்றுவதும் நடக்கும், வாசலில் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிராடோவை அரண்மனைகளுக்கு முன் வைத்துக்கொள்வது எங்கள் உறுதியான பரிந்துரை. 1819-ல் திறந்த அந்தக் கூடத்தின் உயிர் அரச குடும்பத்தின் சேகரிப்புதான். 'லாஸ் மெனினாஸ்' காட்டும் அறை மாட்ரிட்டின் பழைய அரண்மனைக் கோட்டையான அல்காசரில் இருந்தது. 1734 கிறிஸ்துமஸ் முன்னிரவில் அந்தக் கோட்டை எரிந்தது, ஓவியம் தப்பியது. அந்த இடத்தில்தான் இன்றைய அரச மாளிகை நிற்கிறது. 'இன்பத் தோட்டம்' இரண்டாம் பிலிப் எல் எஸ்கோரியலுக்கு அனுப்பிவைத்தது. டிஷியன் வரைந்த, குதிரைமேல் அமர்ந்த ஐந்தாம் சார்லஸைப் பிராடோவில் பார்ப்பீர்கள். அதே கவசம் மாட்ரிட் அரச மாளிகையின் ஆயுதசாலைச் சேகரிப்பில் இருக்கிறது. படத்தைப் பார்த்த பிறகு இரும்பைப் பாருங்கள்.

கேள்வி: எழுபது வயது அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த இடத்தில் சிரமம்?

பதில்: அல்ஹம்ப்ராதான் கடினம். மூன்று மணி நேர நடை, சரிவு, கூழாங்கல் பாதை. அல்கசாபா கோபுரத்தையும் ஹெனெராலிஃபேயின் மேல் தோட்டத்தையும் அம்மா விட்டுவிடட்டும், நஸ்ரித் அரண்மனைகளுக்குத் தெம்பை வைத்துக்கொள்ளட்டும். எல் எஸ்கோரியலில் அரசர்களின் கல்லறை மண்டபத்துக்கு இறங்கும் பளிங்குப் படிகள் செங்குத்தானவை, வழுக்கும். செவில்லா அல்காசரின் கீழ்த்தளமும் தோட்டமும் பெரும்பாலும் சமதளம். பிராடோவில் லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலியும் கேட்டால் தருவார்கள்.

கேள்வி: படம் எடுக்கலாமா?

பதில்: பிராடோவிலும் எல் எஸ்கோரியலின் உள்ளேயும் கூடாது. மாட்ரிட் அரச மாளிகையில் பெரும்பாலான அறைகளில் கூடாது. அல்ஹம்ப்ராவிலும் செவில்லா அல்காசரிலும் ஃபிளாஷ், முக்காலி இல்லாமல் எடுக்கலாம்.

கேள்வி: எந்த மாதம்? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: ஏப்ரல் கடைசி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் செவில்லாவும் கோர்டோபாவும் 40 டிகிரியைத் தாண்டும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் செவில்லா தெருக்களை ஊர்வலங்கள் நிறைக்கும்; பேருந்து நுழையாது, ஓட்டல் விலை ஏறும்.

சாப்பாட்டில், "காய்கறி சாலட்" என்று வருவதில் சூரை மீன் இருப்பது வழக்கம். சால்மொரெஹோ என்ற தக்காளிக் கூழின்மேல் பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவுவார்கள். இறைச்சி, மீன், முட்டை மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த செவில்லாப் பதார்த்தம் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். மதிய உணவு அங்கே இரண்டு மணி, இரவு உணவு எட்டரைக்கு மேல். காலை அரண்மனைக்குப் போகும்போது கையில் ஏதாவது இருக்கட்டும்.

கேள்வி: மாட்ரிட் அரச மாளிகை திடீரென்று மூடப்படும் என்கிறார்களே?

பதில்: உண்மை. அரசர் அங்கே வசிப்பதில்லை, ஆனால் அரசு விழாக்களும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கான வரவேற்பும் 3,418 அறைகள் கொண்ட அந்த மாளிகையில்தான். அந்த நாட்களில் பகுதியாகவோ முழுதாகவோ மூடிவிடுவார்கள். மாட்ரிட்டில் இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் மாளிகையை முதல் நாளில் போடச் சொல்லுங்கள், மூடியிருந்தால் மறுநாளுக்குத் தள்ளலாம். பிராடோவைப் பிறகு பார்ப்பதாக வரிசை மாறினாலும் பரவாயில்லை. தள்ள நாளே இல்லையென்றால் பக்கத்திலேயே 2023-ல் திறந்த அரச சேகரிப்புக் கூடம் இருக்கிறது. திரைச்சீலைகள், தேர்கள், ஓவியங்கள் என்று இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகும். இந்த மாற்று ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.