காரை விற்று எட்டு மாதம் ஆகிறது. சம்மன் இன்னும் என் வீட்டுக்கே வருகிறது

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். போன வருடம் என் பழைய மைவி காரை, ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து வந்த ஒருவருக்கு 13,500 ரிங்கிட்டுக்கு விற்றேன். பாதி ரொக்கம், பாதி பேங்கில் போட்டார். சாவியையும் கிராண்டையும் (வண்டிப் பதிவுச் சான்று) கொடுத்துவிட்டேன். “அடுத்த வாரம் பெயர் மாற்றிக்கொள்கிறேன்” என்றார், மாற்றவில்லை. எட்டு மாதத்தில் என் பெயருக்கு இரண்டு வேகச் சம்மன்களும் மாநகர் மன்றத்தின் பார்க்கிங் கம்பவுண்டுகளும் (அபராதச் சீட்டுகள்) வந்துவிட்டன. போன வாரம் ஒரு வழக்கறிஞர் கடிதமும் வந்தது. அந்தக் கார் சுங்கை பட்டாணியில் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்ததாம், கார் உரிமையாளர் என்ற முறையில் நான் நஷ்ட ஈடு தரவேண்டுமாம். வாங்கியவர் போனை எடுப்பதில்லை. கார் திருடு போனதாக ரிப்போர்ட் போட்டால் பிரச்சினை முடியும் என்கிறார்கள். போடலாமா? என் மகனும் லோன் முடியாத அவனுடைய அக்ஸியா காரை, மீதித் தவணையை எடுப்பவரே கட்டும் ‘சம்புங் பாயார்’ முறையில் ஒருவரிடம் விடப் பார்க்கிறான். அது சரிதானா?

பதில்: திருட்டு ரிப்போர்ட் போடவே போடாதீர்கள். நீங்களே பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்த கார் அது. திருடு போனது என்று போலீசிடம் சொன்னால், பொய்த் தகவல் கொடுத்த குற்றம் குற்றவியல் சட்டத்தின் 182-ஆவது பிரிவில் உங்கள் மேல் வந்துவிடும். உங்கள் பேங்க் கணக்கில் அவர் போட்ட பணமே அதற்குச் சாட்சி. இன்றைக்கு நீங்கள் ஏமாந்த விற்பனையாளர், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் எந்த உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். இந்த யோசனையைச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஆபத்தான யோசனை.

கார் இப்போது யாருடையது என்பதற்கு இரண்டு சட்டங்கள் இரண்டு பதில் சொல்கின்றன. 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, வாங்குபவரும் விற்பவரும் எப்போது கை மாற வேண்டும் என்று நினைத்தார்களோ அப்போதே பொருள் கை மாறிவிடும். பணம் வாங்கிச் சாவி கொடுத்த அன்றே உங்கள் மைவி அவருடையதாகிவிட்டது. ஆனால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர். சம்மனும் கம்பவுண்டும் வழக்கறிஞர் கடிதமும் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் முகவரி எழுதுகின்றன. அதனால்தான் எல்லாம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன.

அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, வண்டி கை மாறிய ஏழு நாளுக்குள் விற்றவர் ஜேபிஜேக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், வாங்கியவர் தன் பெயரில் பதிய வேண்டும் என்கிறது. வாங்கியவர் மட்டும் தவறவில்லை, நீங்களும் தவறிவிட்டீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்ததாகாது. இதற்காகப் பயந்து இன்னும் தள்ளிப்போடாதீர்கள். தாமதமாகக் கொடுத்த அறிக்கை, கொடுக்காத அறிக்கையைவிட எவ்வளவோ மேல்.

முதலில் அந்த வழக்கறிஞர் கடிதத்தைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. பதிவில் பெயர் இருப்பதால் மட்டுமே விபத்துக்கு நீங்கள் பொறுப்பாகிவிட மாட்டீர்கள். ஓட்டியவர் உங்கள் வேலையாளாகவோ, உங்கள் காரியமாக உங்கள் சார்பில் ஓட்டியவராகவோ இருந்தால்தான் உரிமையாளர் மேல் பொறுப்பு ஏறும். ஆனால் பதிவில் உங்கள் பெயர் இருப்பதால், உங்கள் காரியமாகத்தான் ஓட்டினார் என்று நீதிமன்றம் தொடக்கத்தில் அனுமானிக்க இடமுண்டு. அப்படி இல்லை என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழும். காட்டுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? அவர் பேங்கில் போட்ட தொகையின் பதிவு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், “அடுத்த வாரம் மாற்றிக்கொள்கிறேன்” என்ற வாட்ஸ்அப் செய்தி, அவர் அனுப்பியிருந்தால் மைகார்டு (அடையாள அட்டை) படம். வாட்ஸ்அப் உரையாடலை முழுவதும் தேதியோடு எக்ஸ்போர்ட் செய்து இன்றைக்கே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். போன் பழுதானால் உங்கள் வழக்கின் உயிரே போய்விடும்.

கடிதத்துக்குப் பதில் எழுதும்போது வாங்கியவரின் பெயர், போன் எண், விற்ற தேதி ஆகியவற்றைச் சொல்லி, ஓட்டியவர் உங்கள் வேலையாளோ முகவரோ அல்ல என்று மறுப்புத் தெரிவியுங்கள். விபத்து நடந்த நாளில் காருக்கு எந்த நிறுவனத்தில் யார் பெயரில் இன்சூரன்ஸ் இருந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள். உங்கள் பாலிசி அன்று காலாவதியாகாமல் இருந்தால் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், விற்றுவிட்ட உண்மையை மறைக்காமல். காரை விற்றபின் அதன்மேல் உங்களுக்குக் காப்புறுதி நலன் இல்லை (காருக்கு ஏதாவது ஆனால் இழப்பு உங்களுடையது அல்ல), அதனால் நிறுவனம் கையை விரிக்கக்கூடும். ஆனால் மறைத்துக் கோரிக்கை வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கடிதத்துக்குப் பிறகு நீதிமன்ற ரிட் (உங்கள்மேல் வழக்குப் போட்ட அறிவிப்பு) வந்தால், கையில் கிடைத்த 14 நாளுக்குள், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று சொல்லும் ஆஜர்ப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். “நான்தான் காரை விற்றுவிட்டேனே” என்று அந்தக் காகிதத்தை அலமாரியில் வைப்பவர்கள்தான் கெட்டுப்போகிறார்கள். எதிர்வாதம் இல்லாமலே உங்கள்மேல் தீர்ப்பு விழும், அதை நீக்கத் தனியாக மனுப் போட்டுக் காரணம் சொல்லி, செலவும் கட்ட வேண்டிவரும்.

அடுத்தது வேகச் சம்மன்கள். பயந்து கட்டிவிடாதீர்கள். வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லவேண்டிய கடமை சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவில் இருக்கிறது. பதில் சொல்லாமல் இருப்பதே ஒரு குற்றம். இந்தக் கடமையையே உங்கள் கவசமாகத் திருப்பிக்கொள்ளலாம். வாங்கியவரின் பெயர், மைகார்டு எண், முகவரி, வண்டியை ஒப்படைத்த தேதி ஆகியவற்றை எழுதி, சான்றுகளை இணைத்து, சம்மன் அனுப்பிய அலுவலகத்துக்கே கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும், டீமெரிட் (குற்றப்) புள்ளியும் உங்கள் லைசென்ஸில் ஏறக்கூடும். மாநகர் மன்றக் கம்பவுண்டுக்கும் இதே விவரங்களோடு ஒரு கடிதம் கொடுங்கள். தொகை சிறியதென்று கட்டிவிட நினைப்பீர்கள், ஆனால் எட்டு மாதமாக நீங்களே கட்டி வந்தால், கார் உங்களிடம்தான் இருந்தது என்று மற்றவர் சொல்ல நீங்களே சான்று கொடுத்ததாகும்.

பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையான ரிப்போர்ட் ஒன்று போடுங்கள். எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவுக்கு விற்றேன், பெயர் மாற்றவில்லை, போனை எடுப்பதில்லை என்று மட்டும். ‘திருட்டு’ என்ற சொல்லே அதில் வேண்டாம். அந்த நகலோடு செபராங் ஜெயா ஜேபிஜேக்குப் போய், 13-ஆவது பிரிவின்படி கை மாறிய அறிக்கையை எழுத்தில் கொடுங்கள், அந்த வண்டியின் பதிவில் குறிப்புப் போடச் சொல்லிக் கேளுங்கள். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஒரு சத்தியப் பிரகடனமும் செய்து வையுங்கள். அது பிறகு எல்லா இடத்திலும் பயன்படும்.

இவ்வளவுக்கும் அவர் அசையவில்லை என்றால், 14 நாள் கெடு வைத்து வழக்கறிஞர் நோட்டீஸ், அதன்பின் செஷன்ஸ் நீதிமன்றம். பெயர் மாற்றிக்கொள்ளும்படி ஆணை, விற்ற நாளிலிருந்து கார் அவருடையது என்ற பிரகடனம், அதுவரை வந்த செலவுகளைத் திருப்பித் தர உத்தரவு, மூன்றையும் ஒரே வழக்கில் கேட்கலாம். ஒப்பந்த மீறலுக்கு ஆறு வருட வரம்பு இருக்கிறது, காலம் கடந்துவிடவில்லை. ஆனால் அவருடைய முகவரி தெரியாமல் வழக்கு நகராது. பாதிப் பணத்தை ரொக்கமாக வாங்கியதில் இங்கேதான் கை கடிக்கும். பேங்க் பரிமாற்றத்தில் குறைந்தது அவர் பெயராவது கிடைக்கிறது.

மகன் விஷயம். ‘சம்புங் பாயார்’ என்று ஊரெல்லாம் நடக்கிறது, ஆனால் அது விற்பனையே அல்ல. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி லோன் முடியும்வரை காரின் உரிமையாளர் பேங்க். உங்கள் மகன் வாடகைக்கு வைத்திருப்பவர், தனக்கு உரிமை இல்லாத ஒன்றை விற்க முடியாது. பேங்கை ஏமாற்றிக் காரைக் கைமாற்றுவது அந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவில் குற்றம், சிறைக்கும் இடமுண்டு. எடுத்தவர் இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் மகனுக்கு வரும், சிசிஆர்ஐஎஸ் (மத்திய வங்கியின் கடன் விவரப்) பதிவில் கெட்ட பெயர் மகனுக்கு, ஜாமீன் போட்டவர் நீங்கள் என்றால் உங்களுக்கும். காரோ வேறு மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சட்டத்தில் நேர்வழி இருக்கிறது. 12-ஆவது பிரிவின்படி பேங்கின் சம்மதத்தோடு மகன் தன் வாடகைக் கொள்முதல் உரிமையை வேறொருவருக்கு மாற்றலாம், தகுந்த காரணமின்றிப் பேங்க் மறுக்க முடியாது. அல்லது இன்றைய தேதியில் கட்டவேண்டிய பாக்கிக்கு பேங்கிடம் ஒரு ஸ்டேட்மென்ட் கேட்டு, வாங்குபவர் அந்தத் தொகையை பேங்குக்கு நேராகவும் மீதியை மகனுக்கும் கொடுக்கட்டும். பேங்க் தன் உரிமைக் கோரிக்கையை ஜேபிஜே பதிவிலிருந்து நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும். சில நாள் பிடிக்கும், அந்த நாள்களில் சாவி மகனிடமே இருக்கட்டும்.

அக்ஸியாவை முறையாக விற்கும்போது வரிசை இப்படிப் போகவேண்டும். முதலில் போலீசின் மைபாயார் பிடிஆர்எம் செயலியிலும் மைஜேபிஜே செயலியிலும் பழைய சம்மன்களைப் பார்த்து முடித்துவிடுங்கள், தடைப் பட்டியலில் இருந்தால் மாற்றம் நின்றுவிடும். அடுத்து வண்டிச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை. என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். எண் துருப்பிடித்து எழுத்து மங்கியிருந்தாலோ, என்ஜின் மாற்றியதைப் பதியாமல் விட்டிருந்தாலோ அங்கேயே தடைபடும். கண்ணாடி டின்ட் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தாலும் அப்படியே. பிறகு வாங்குபவர் தன் பெயரில் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், மகனின் பாலிசி காரோடு போகாது. கடைசியாக இருவரும் மைகார்டோடு சேர்ந்தே ஜேபிஜே கவுன்டருக்குப் போய் பெருவிரல் ரேகை வைப்பதுதான் பாதுகாப்பு. “கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாங்குபவர் சொல்வதை ஏற்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம். கார் வியாபாரியிடம் விடுவதாக இருந்தால், அவர் பெயருக்குத் தற்காலிகமாக மாற்றும் முறை ஜேபிஜேயில் இருக்கிறது, அதைச் செய்தபின் சாவி கொடுங்கள். அடுத்த வாங்குபவர் கிடைக்கும்வரை வண்டி உங்கள் பெயரில் அவர் கடையில் நிற்கக்கூடாது.

ஒரு பக்கம் தாளில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள். வண்டி எண், என்ஜின், சேசிஸ் எண்கள், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், விலை, பணம் வந்த விதம், இருவரின் மைகார்டு எண், முகவரி. தேதியோடு நேரமும் வேண்டும். ‘மாலை 4.35’ என்று எழுதியிருந்தால் அன்று மாலை 6 மணிக்குக் கேமராவில் பட்டது யார் என்பதில் சண்டை இல்லை. இரண்டு நகல் எடுத்து இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போகும் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. முன்கண்ணாடியிலோ முன்விளக்கிலோ ஒட்டிய, சாலைச் சுங்கம் கட்டும் டச் அன் கோ ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் உங்கள் வாலட்டோடு இணைந்தது. செயலியில் அந்த வண்டியை நீக்கி, ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். இல்லையென்றால் பினாங்குப் பாலத்தில் வாங்கியவர் ஒவ்வொரு தடவை போகும்போதும் உங்கள் பணம் வெட்டுப்படும். பாலிசியை ரத்து செய்து மீதி மாதங்களுக்கான தொகையைக் கேளுங்கள், அந்த வருடத்தில் கிளெய்ம் இல்லையென்றால் கிடைக்கும். நோ கிளெய்ம் தள்ளுபடி மகனுடையது, காருடையது அல்ல. 55 விழுக்காடு வரை சேர்ந்திருந்தால் அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். எல்லாம் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள, மைஜேபிஜே செயலியில் மகனின் வாகனப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த வண்டி எண் அங்கிருந்து மறைந்திருக்க வேண்டும். மறையாமல் இருந்தால் மறுநாளே கவுன்டருக்குப் போங்கள்.

உங்கள் மைவிக்கு, வழக்கறிஞர் கடிதம், அது வந்த உறை, இரண்டு சம்மன், பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய இன்சூரன்ஸ் பாலிசி ஆகியவற்றோடு இந்த வாரத்திலேயே அருகிலுள்ள ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். செலவு தாங்காது என்றால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானையோ கேட்கலாம். இரண்டு இடத்திலும் வருமானம் பார்த்துத்தான் ஏற்பார்கள், சம்பளச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.