‘ஸூ வாரியர்ஸ்’ (1983) ஐரோப்பிய டிவிடியில் 94 நிமிடம்தான் ஓடுகிறது. வெட்டிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. சூய் ஹார்க்கின் இந்த ஹாங்காங் படம் சுமார் 98 நிமிடம். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) டிவிடி அதையே 25 ஃபிரேமாக ஓட்டும். 98-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 94. காட்சி எதுவும் போகவில்லை, குரல்கள் மட்டும் லேசாகக் கீச்சென்று கேட்கலாம். ப்ளூரேயில் பொதுவாக 24 ஃபிரேம்தான், முழு நேரமும் வரும்.

நீங்கள் தவிர்க்க வேண்டியது வெளிநாட்டுச் சந்தைக்காக மாற்றிய பதிப்பை. தொடக்கத்தைப் பாருங்கள்: நாயகன் யுவன் பியாவ் இக்கால உடையில் வந்தால் அதுதான். போர்க்களத்திலிருந்து நேரே மாயமலைக்குள் பாய்வதுதான் இந்தப் படத்தின் அழகு. மாற்றிய பதிப்பில் ஒட்டிய இக்காலக் கதை அதைக் கெடுத்துவிடுகிறது.

வாங்குமுன் ரீஜியன் குறியையும், அதாவது வட்டு எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்பதையும், பாருங்கள். இந்தியாவுக்கான ப்ளூரே ரீஜியன் சி, பிரிட்டனுக்கு பி.