கடைசியாக வந்த கார்டுதான் செல்லுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் நாலு பேர் வாரம் ஒருமுறை கூடி ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு ஆட்டம் ஆடுகிறோம். போன வாரம் ஒரு வழக்கு வந்தது. என் பக்கம் ‘பிளட் மூன்’ இருந்தது. நிலம் என்பது மற்ற கார்டுகளைப் போடத் தேவையான ‘மனா’ என்ற சக்தியைத் தரும் கார்டு. பேசிக் (அடிப்படை) அல்லாத நிலங்கள் எல்லாம் மவுண்டன், அதாவது சிவப்பு மனா தரும் நிலம், என்கிறது அந்தக் கார்டு. எதிரில் ஆடியவர் அடுத்த டர்னில் ‘அர்போர்க், டூம் ஆஃப் யாக்மோத்’ என்ற நிலத்தை இறக்கினார். ஒவ்வொரு நிலமும் தன் மற்ற வகைகளோடு சுவாம்பும் (கறுப்பு மனா தரும் நிலம்) ஆகும் என்பது அதன் வாசகம். “கடைசியாக வந்தது என்னுடையது, அதனால் அதுதான் செல்லும்” என்றார். அவர் பத்து வருஷமாக ஆடுபவர், நான் வந்து ஆறு மாதம். விட்டுக்கொடுத்துவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. யார் பக்கம் சரி? இப்படி இரண்டு கார்டுகள் முட்டிக்கொண்டால் எதைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது?

பி.

அன்புள்ள பி,

உங்கள் பிளட் மூன்தான் செல்லும். அர்போர்க் அந்த மேசையில் வெறும் மவுண்டன், அதிலிருந்து சிவப்பு மனா மட்டும்தான் வரும். உங்களுடைய பேசிக் நிலங்கள் எதுவும் சுவாம்ப் ஆகாது.

ஆனால் உங்கள் நண்பர் இல்லாத விதியைச் சொல்லவில்லை. மேசையில் நிலைத்து நிற்கும் விளைவுகளை ஏழு லேயர்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடச் சொல்கிறது 613ஆம் விதி. நிலத்தின் வகையை மாற்றுவது நாலாவது லேயர். இரண்டு கார்டுகளும் அங்கேயே வருகின்றன. ஒரே லேயரில் இரண்டு வந்தால் முன்னால் வந்ததை முதலிலும் பின்னால் வந்ததை அடுத்தும் கணக்கிட வேண்டும். அதுவரை அவர் சொன்னது சரி. அவர் தாண்டிப்போன படி ஒன்று இருக்கிறது. வந்த வரிசையைப் பார்ப்பதற்கு முன்னால், ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள். முதலில் பிளட் மூன். அர்போர்க் பேசிக் நிலம் இல்லை, அதனால் மவுண்டன் ஆகிறது. ஒரு நிலத்தை இப்படிப் பேசிக் வகைக்கு மாற்றிவிட்டால் அதில் அச்சடித்திருக்கும் திறன்கள் போய்விடும். சுவாம்ப் என்கிற வாக்கியமே அந்த இடத்தில் இல்லாமல் போகிறது. இப்போது தலைகீழாக, அர்போர்க் முதலில். எல்லா நிலமும் சுவாம்பும் ஆகிறது. பிளட் மூனுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதன் வாக்கியம் அப்படியே இருக்கிறது, அது பிடிக்கிற நிலங்களும் அதே நிலங்கள்தான். ஆக அர்போர்க் பிளட் மூனைச் சார்ந்திருக்கிறது, பிளட் மூன் அர்போர்க்கைச் சார்ந்தில்லை. சார்ந்திருப்பது காத்திருக்க வேண்டும். அதன் முறை வரும்போது சொல்வதற்கு அதனிடம் எதுவும் மிச்சமில்லை. எது எப்போது இறங்கியது என்ற கேள்விக்கே இங்கே வேலையில்லை. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து வட்டமடித்தால் மட்டும் மறுபடி வந்த வரிசைக்குத் திரும்புவோம்.

‘கடைசியாக வந்தது’ என்ற பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அது ஸ்டாக்கிலிருந்து, அதாவது போட்ட கார்டுகள் நடப்பதற்கு முன் காத்திருக்கும் வரிசையிலிருந்து, வருகிறது. 1993இல் வந்த இந்த ஆட்டத்துக்கு, 1999இல் ஆறாம் பதிப்பில்தான் ஸ்டாக் வந்தது. கடைசியாக வைத்தது முதலில் நடக்கும் என்பது அதன் விதி. உங்களிடம் ஒரு 2/2 கிரீச்சர், அதாவது தாக்கும் பலம் இரண்டு, தாங்கும் பலம் இரண்டு. எதிராளி அதன்மேல் ‘லைட்னிங் போல்ட்’ போடுகிறார், மூன்று டேமேஜ். நீங்கள் ரெஸ்பான்ஸாக ‘ஜயன்ட் க்ரோத்’ போடுகிறீர்கள், டர்ன் முடியும்வரை இரண்டு பலமும் மூன்று கூடும். க்ரோத் முதலில் நடந்து கிரீச்சர் 5/5 ஆகிறது, பிறகு மூன்று டேமேஜ் விழுகிறது, பிழைக்கிறது. டர்ன் முடிந்து க்ரோத் இறங்கும்போது செத்துவிடுமே என்று புதிதாக ஆடுபவர்கள் பயப்படுவார்கள். சாகாது. டேமேஜ் அழிவதும் க்ரோத் முடிவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இதையே மாற்றிப் போடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு க்ரோத் போட, அவர் ரெஸ்பான்ஸாக போல்ட் போடுகிறார். கிரீச்சர் 2/2 ஆக இருக்கும்போதே மூன்று டேமேஜ், காலி. க்ரோத்துக்கு டார்கெட் இல்லை, அது வீண். அதே இரண்டு கார்டு, பொறுத்திருந்தவருக்கு லாபம். இந்தப் பாடம் கைக்கு ஏறிவிட்டால், ஸ்டாக்கே இல்லாத இடத்திலும் அதையே தேடுவோம். பிளட் மூனும் அர்போர்க்கும் மேசைக்கு வந்துவிட்ட பிறகு அவை ஸ்டாக்கில் இல்லை.

எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டீர்கள். எது வலியது என்று கேட்காதீர்கள், இந்த வாக்கியம் எப்போது பேசுகிறது என்று கேளுங்கள். ‘வென்’, ‘வென்எவர்’, ‘அட்’ என்று தொடங்கினால் அது ட்ரிகர், ஒன்று நடந்த பிறகு ஸ்டாக்கில் ஏறிப் பேசும். ‘இன்ஸ்டெட்’ என்ற சொல் இருந்தால் அது நடப்பதற்கு முன்பே நிகழ்ச்சியையே மாற்றிவிடும், ஸ்டாக்கில் ஏறாது. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல்தான் நிறைய சண்டைகள் வருகின்றன. ‘ரெஸ்ட் இன் பீஸ்’ மேசையில் இருந்தால், கிரேவ்யார்டுக்கு (செத்த, பயன்படுத்திய கார்டுகளின் குவியல்) போக வேண்டிய கார்டு அதற்குப் பதிலாக எக்ஸைலுக்கு (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கும் இடம்) போகும். ‘இது செத்தால் ஒரு கார்டு எடு’ என்று எழுதியிருக்கும் கிரீச்சரை அழித்தால் கார்டு கிடைக்குமா? கிடைக்காது. சாவது என்றால் கிரேவ்யார்டுக்குப் போவது, அது அங்கே போகவே இல்லை. இந்த இரண்டும் இல்லாமல், ‘இப்படி இருக்கிறது’ என்று சும்மா சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் என்றால் லேயர்களுக்குப் போங்கள். ஒரு கார்டு ‘முடியும்’ என்று சொல்ல இன்னொன்று ‘முடியாது’ என்றால், முடியாது என்பதுதான் நிற்கும்.

பத்து வருஷம் ஆடியவர் என்பதற்காக விட்டுக்கொடுத்தீர்கள் என்பதுதான் என்னை வருத்தியது. நானும் அப்படிப் பல தடவை விட்டிருக்கிறேன். டெத்டச்சும் (ஒரு டேமேஜ் பட்டாலே கொல்லும் திறன்) டிராம்பிளும் (மிஞ்சிய டேமேஜ் எதிராளிக்குப் போகும் திறன்) சேர்ந்த கிரீச்சரைத் தடுக்கும் ஒவ்வொரு பிளாக்கருக்கும் ஒரு டேமேஜ் போதும், மீதி எல்லாம் எதிராளிக்குப் போகும். யாரோ வேறு மாதிரி அழுத்திச் சொன்னதை நம்பி, இதை வெகுநாள் தப்பாகவே ஆடினேன். டோர்னமெண்டில் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுவது யாருக்கும் அவமரியாதை இல்லை. வீட்டு மேசையில் ஜட்ஜ் கிடையாது, ஆனால் ‘கேதரர்’ என்ற அதிகாரபூர்வ தளத்தில் கார்டுகளுக்குக் கீழே விளக்கக் குறிப்புகள் இருக்கும். ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அவர் உங்கள் பிளட் மூனை அழித்துவிட்டால், அந்த நொடியே அர்போர்க்கின் வாக்கியம் திரும்ப வந்துவிடும். உங்கள் நிலங்களும் சுவாம்ப் ஆகும், உங்களுக்கும் கறுப்பு மனா கிடைக்கும். அவர் கவனிக்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.