மாத்திரை கேட்காமல் போனால் மறுபடி பயாப்சி எதற்கு?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 61 வயது, புகைபிடித்ததே இல்லை, நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப் மாத்திரை ஒரு வருடம் நன்றாகக் கேட்டது. இப்போது ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது. டாக்டர் இன்னொரு பயாப்சி (ஊசி போட்டுக் கட்டியின் திசுவை எடுத்துப் பார்ப்பது) கேட்கிறார், அம்மா ஊசிக்குப் பயப்படுகிறார். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா, பயாப்சி அவசியமா என்பது கேள்வி.

அம்மாவின் உடம்பு பழகவில்லை. மாறியது புற்றுச் செல்கள்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்தது என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள், ஒரு வேளைகூடத் தவறாதவர்களுக்கும் இது வருகிறது.

அம்மாவுடைய கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் பழுதாகி, "வளரு, வளரு" என்று ஓயாமல் செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் புரதத்துக்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறு வந்து உட்காரும் குழியில் ஜெஃபிடினிப் போய் உட்கார்ந்து, அதை அடக்குகிறது. ஆனால் கோடிக்கணக்கான செல்களில் சிலவற்றில் அந்தப் புரதத்தின் 790ஆவது இடத்தில் இருக்கும் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் மெத்தியோனின் வந்துவிடும். டி790எம் என்பது அதுதான். அப்புறம் ஏடிபி அந்தக் குழியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மாத்திரைக்கு இடம் கிடைக்காது. மற்ற செல்கள் சாகச் சாக இவை பெருகும். இந்த மாத்திரை கேட்காமல் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இதைத்தான் பார்க்கிறோம்.

டி790எம் இருந்தால் அதற்கு ஒசிமெர்டினிப் என்ற மருந்து இருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து 797ஆவது இடத்துச் சிஸ்டீனோடு விடாத பிணைப்பு போட்டுக்கொள்வதால் ஏடிபி அதைத் தள்ள முடியாது. (பிறகு அந்தச் சிஸ்டீனே செரினாக மாறி, இந்த மருந்தும் பிடி இழப்பது உண்டு.)

ஆனால் எல்லோருக்கும் காரணம் டி790எம் அல்ல. சிலருக்கு மெட் என்ற மரபணுவின் பிரதிகள் பெருகி, பினாங்குப் பாலத்தை மூடினால் வண்டிகள் பத்து கவான் ஊர்ப் பக்கம் இரண்டாவது பாலத்தில் ஏறுகிற மாதிரி, வளர்ச்சிச் செய்தி வேறு வழியில் போய்விடும். அங்கே ஈஜிஎஃப்ஆர் மாத்திரையை மட்டும் மாற்றினால் போதாது. இன்னும் சிலருக்கு, குறைவானவர்களுக்குத்தான், கட்டியே சிறுசெல் புற்று என்ற வேறு வகைப் புற்றாக உருமாறும். அதற்குக் கீமோ வேண்டும், அந்த உருமாற்றத்தை உறுதிசெய்யத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். டாக்டர் பயாப்சி கேட்பது இதற்காகத்தான்.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளில் டி790எம் தெரிந்தால், ஊசி இல்லாமலே அடுத்த மருந்தைப் பேசலாம். தெரியவில்லை என்றால் "இல்லை" என்று அர்த்தமில்லை, அப்போது பயாப்சிக்கு அம்மாவைச் சம்மதிக்க வையுங்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருந்தால் அதை எடுத்துப் பார்த்தே சில நேரம் விடை கிடைத்துவிடும், அதையும் கேளுங்கள்.

அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தியதும் சிலருக்கு நோய் வேகமாக ஏறுகிறது. உறவினர்கள் துரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம் கொண்டுவந்தால், கொடுப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.