ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு ரத்தக்காட்டேரி கதை கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு. தோழியிடமிருந்து 'ட்வைலைட்' நாவல்கள் நான்கையும் வாங்கி வந்திருக்கிறாள். முதல் புத்தகத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்து முடித்துவிட்டாள். ரத்தம் குடிக்கிற காட்டேரி கதை என்று தெரிந்ததிலிருந்து என் மாமியார், "வயசுக்கு வர்ற நேரத்துல பேய்க்கதை எதுக்கு? பிடுங்கி வை" என்கிறார். "புக்கு படிக்கிறதே பெரிய விஷயம், விடு" என்கிறார் கணவர். நான் அந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை. பள்ளி நூலகத்திலும் இவை இருக்கின்றனவாம். அங்கே புகார் சொல்லட்டுமா?
- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் புத்தகம் முடிந்துவிட்டது, அதைப் பிடுங்கிப் பயனில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் நீங்களும் கூடவே படிப்பதாக இருந்தால் படிக்கட்டும். நான்காவது, 'பிரேக்கிங் டான்', இப்போது வேண்டாம். இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

மாமியாரின் பயத்தை முதலில் பார்த்துவிடலாம். விக்கிரமாதித்தன் கதையை அவரும் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். சுடுகாட்டு முருங்கை மரத்தில் பிணம் தொங்குகிறது. ராஜா அதை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் பேசுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் இதை அம்புலிமாமாவில் மாதாமாதம் காத்திருந்து படித்தார்கள். இந்த வயதில் பயப்படுவது பிடிக்கும். பயம் அதிகமானால் புத்தகத்தை மூடிவிடலாம் என்ற தைரியத்தில்தான் படிக்கிறார்கள். உங்கள் மகள் ராத்திரி விளக்கை அணைக்க விடாமல் அழுதால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதிலும் 'ட்வைலைட்'டில் ரத்தம் குறைவு. கதாநாயகன் எட்வர்டின் குடும்பம் மனிதர்களைத் தொடுவதில்லை, மிருகங்களின் ரத்தத்தைக் குடித்தே காலம் தள்ளுகிறது.

நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டியது அதில் வரும் காதலைப் பற்றி. 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்த எட்வர்ட் அப்போது காட்டேரியாக்கப்பட்டவன். வயது 17-லேயே நின்றுவிட்டது. கதாநாயகி பெல்லா நிஜமாகவே 17 வயதுப் பெண். அப்பா வீட்டுக்குப் புதிதாக வந்து, தெரியாத ஊரில், தெரியாத பள்ளியில் சேர்கிறாள். தன்னிடம் விசேஷமாக ஒன்றுமில்லை என்று நினைப்பவள். அவளைப் பள்ளியிலேயே அழகான பையன் கவனிக்கிறான், அவள் சொல்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்கிறான். 12 வயதுப் பெண் இதில் ஏன் ஒன்றிப்போகிறாள் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. அந்த வயதில் யாராவது தன்னைக் கவனிக்க மாட்டார்களா என்றுதான் மனசு ஏங்கும். அந்த ஏக்கத்தைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்தால் அப்புறம் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

ஆனால் முதல் புத்தகத்தில் ஒரு இடம் இருக்கிறது, அதை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பெல்லா தூங்கும்போது எட்வர்ட் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் இல்லை, ஏறக்குறைய தினமும். பின்னால் அதை அவனே சொல்கிறான். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெருமையாக இருக்கிறது.

1897-இல் வந்த 'டிராகுலா' என்ற காட்டேரி நாவலை இதோடு வைத்துப் பாருங்கள். அதில் காட்டேரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டில் இருப்பவர் யாராவது முதலில் "வா" என்று கூப்பிட்டாலொழிய அது உள்ளே நுழைய முடியாது. கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி ஊர்ந்து இறங்குகிற அந்தப் பிசாசுக்கே வாசலில் அனுமதி வேண்டும். காதலனாக வருகிற எட்வர்ட் ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிடுகிறான், கதையும் அதை அன்பு என்று காட்டுகிறது. பெண் பிள்ளை வைத்திருக்கும் எல்லோரும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதை வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். தலை பின்னிவிடும்போதோ ஸ்கூட்டரில் கூட்டிப்போகும்போதோ, "அவன் தினமும் ராத்திரி வந்து நின்னானே, உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "அவ பயந்திருந்தா, வராதேன்னு சொல்லியிருந்தா, அவன் என்ன பண்ணியிருப்பான்?" என்று கேளுங்கள். எட்வர்டுக்காக அவள் வாதாடுவாள். வாதாடட்டும், முழுசாகக் கேளுங்கள். அவள் யோசிக்கத் தொடங்கினால் அன்றைக்கு அது போதும்.

இரண்டாவது புத்தகமான 'நியூ மூன்'-இல் எட்வர்ட் விட்டுப் போய்விடுகிறான். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மாதத்தின் பெயரை மட்டும் அச்சடித்து, பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அவன் இல்லாத நாட்களில் பெல்லாவுக்கு வாழ்க்கையே இல்லை என்று அர்த்தம். எழுத்தாக அது நல்ல உத்திதான். ஆனால் அதன் பிறகு, ஆபத்தில் இருக்கும்போது மட்டும் அவன் குரல் காதில் கேட்கிறது என்பதற்காக அவள் வேண்டுமென்றே ஆபத்தைத் தேடிப் போகிறாள், பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். உங்கள் மகள் சமீபமாக வாடிப்போய், யாரிடமும் பேசாமல் இருக்கிறாள் என்றால் இந்தப் புத்தகத்தையும் தள்ளி வையுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது 'எக்லிப்ஸ்'. இதில் பெல்லா தன் நண்பன் ஜேக்கபைப் பார்க்கப் போகக்கூடாது என்று எட்வர்ட் அவளுடைய வண்டியை ஓடாமல் செய்துவைக்கிறான். அந்த ஜேக்கப், அவளுக்கு விருப்பமில்லாதபோது பலவந்தமாக முத்தமிடுகிறான். அவள் ஓங்கிக் குத்துகிறாள், அவள் கைதான் உடைகிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு அவளுடைய அப்பா ஜேக்கபைப் பாராட்டுகிறார்! இந்த இடத்தை உங்கள் கணவரைப் படிக்கச் சொல்லுங்கள். மகளிடம் இதைப் பற்றி அவரே பேசினால் இன்னும் நல்லது. நம் வீடுகளில் அப்பாக்கள் இதையெல்லாம் அம்மா தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நான்காவதை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அதில் பெல்லாவுக்குக் கல்யாணம் ஆகிறது. முதலிரவை விவரிக்கவில்லை, ஆனால் மறுநாள் காலை அவள் உடம்பெல்லாம் கன்றிப்போயிருக்கிறது, அவளோ அதைப் பெரிதுபடுத்தாமல் அவனைச் சமாதானப்படுத்துகிறாள். வயிற்றில் இருக்கும் குழந்தை அவளை உள்ளிருந்தே நொறுக்குகிறது. பிரசவக் காட்சி பெரியவர்களுக்கே கஷ்டம். அப்புறம், பிறந்த குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் இவள்தான் என் துணை என்று ஜேக்கப் மனசளவில் கட்டுண்டுபோகிறான். இதையெல்லாம் எடைபோட்டுப் பார்க்க 12 வயது போதாது. புத்தகத்தை ஒளித்துவைக்காதீர்கள், காரணத்தைச் சொல்லித் தோழியிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் பிடுங்கினால் போனில் பிடிஎஃப்பாக வந்துவிடும்.

கையிலிருப்பதை வாங்கினால் வேறு ஏதாவது கொடுக்க வேண்டுமே. நீல் கெய்மன் எழுதிய 'தி கிரேவ்யார்ட் புக்' (2008) இந்த வயதுக்கு அருமையானது. குடும்பத்தை இழந்த குழந்தையைக் கல்லறைத் தோட்டத்து ஆவிகள் வளர்க்கின்றன. அவனுக்குக் காவலாக இருக்கும் சைலஸ் பகலில் வரமாட்டார், சோறு சாப்பிட மாட்டார், கண்ணாடியில் தெரிய மாட்டார். அவர் யார் என்று புத்தகம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை, அதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு குஷி. ஆரம்பத்தில் ஒரு கொலை வருகிறது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் காய்கறிச் சாற்றை உறிஞ்சும் முயலைப் பற்றிய 'பனிக்குலா' (1979) போதும், சிரித்துச் சிரித்துப் படிப்பார்கள். 'டிராகுலா' ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு மேல் இருக்கட்டும். அதன் பழைய ஆங்கிலமும் கடினம், குழந்தைகளைத் தாக்கும் காட்சிகளும் உண்டு.

கடைசியாகப் பள்ளி. அமெரிக்காவிலும் பெற்றோர்கள் இதே கவலையோடு நூலகங்களுக்குப் போனார்கள். அதிக எதிர்ப்பு வந்த பத்துப் புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் 2009, 2010 இரண்டு வருடமும் 'ட்வைலைட்' இருந்தது. நீங்கள் புகார் எழுத வேண்டாம். உங்கள் மகளுக்குப் பொருந்தாதது ப்ளஸ் ஒன் பெண்ணுக்குப் பொருந்தலாம், அவளிடமிருந்து அதை எடுக்க நமக்கு உரிமையில்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது நூலகரை நேரில் பார்த்து, ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி அலமாரி ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படியே 'தி கிரேவ்யார்ட் புக்' அங்கே இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள்.