மேட்டுப்பாளையம் சாலை வேண்டாம், எமரால்டு பக்கம் போங்கள்

ஊட்டியில் தங்கி இரண்டு நாள் சைக்கிள் ஓட்ட ஆசை, ஆனால் குன்னூர், மேட்டுப்பாளையம் சாலையில் சுற்றுலா வண்டிகள் உரசிக்கொண்டு போவது பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம். அந்தச் சாலையை விட்டுவிடுங்கள் நண்பரே.

முதல் நாள் முத்தோரை பாலாடா வழியாக எமரால்டு போய் வாருங்கள். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை அது. விடிந்ததும் கிளம்பிவிட்டால் அந்த அமைதியை வேறெங்கும் தேட மாட்டீர்கள்.

மறுநாள் மஞ்சூர். அங்கிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கினால் 43 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிகள் குறைவு, ஆனால் யானை நடமாட்டம் உண்டு. அதனால் தனியாகவோ, பொழுது சாய்ந்தோ இறங்கவே வேண்டாம். அப்புறம், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்காதீர்கள், ரிம் சூடேறிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.